எஞ்சினுக்கு ஆகும், டாங்குக்கு ஆகாது: எத்தனால் பெட்ரோலோடு என் ஒன்பது வருடம்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்ன விமானத்தளம். அங்கே வாடகை ஹேங்கரில் என் விமானம் நிற்கிறது. பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி ஒருவர் தன் கராஜில் 1990-களில் கட்டியது; 2016-இல் அவரிடமிருந்து நான் வாங்கினேன். இரண்டு இருக்கை, இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு, 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஃபைபர்கிளாஸ் டாங்க், ஒவ்வொன்றும் 49 லிட்டர்.

கட்டியவர் கடைசி வரை 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல்தான் ஊற்றினார். அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ரோட்டாக்ஸுக்கு ஈயம் ஒத்துவராது, ஆயிலில் கசடாகச் சேரும், ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிவரும். அதனால் நான் சாதாரண கார் பெட்ரோலுக்கு மாறினேன். இங்கே பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இ10, அதாவது 10 சதவீதம் எத்தனால். எஞ்சின் கையேடு அந்த அளவு வரை தாராளமாக அனுமதிக்கிறது. அந்த அனுமதி எஞ்சினுக்கு மட்டும்தான், இருபது வருடத்துக்கு முன் யாரோ கையால் பூசிய டாங்குக்கு அல்ல என்பது அன்றைக்கு என் மூளைக்கு எட்டவில்லை.

2018 கோடையில் ஒரு காலை, ஓடுதள முனையில் நின்று த்ராட்டிலை ஏற்றும்போது எஞ்சின் திக்கியது. தரையிலேயே காட்டிக்கொடுத்தது என் அதிர்ஷ்டம். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயில் இருக்கும் விரல் வடிவ வடிகட்டியை உருவியபோது, ஆறிய பாலின் மேல் படியும் ஆடை போல ஒன்று அதைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவது போல உள்பூச்சு பாளம் பாளமாகத் தொங்கியது.

அந்தக் காலத்து டாங்குகள் பல பாலியெஸ்டர் ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் ஒரு வகைப் பிசினில் செய்தவை. ஊசித் துளைகளை அடைக்க உள்ளே ஒரு திரவப் பூச்சை ஊற்றி, உருட்டிக் காய வைப்பார்கள். சுத்தமான பெட்ரோலை அது பல வருடம் தாங்கும். எத்தனால் மூலக்கூறு சிறியது, நீரோடு உறவாடும் இயல்புடையது. பூச்சுக்குள்ளும், சரியாக இறுகாத ரெசினுக்குள்ளும் நுழைந்து அதை ஊதவைக்கும், மெத்தென்று ஆக்கும், பிடிப்பை விட வைக்கும். கரைந்து ஓடிவிட்டால்கூடத் தேவலை. பாளமாக உரிந்து வடிகட்டியை அடைப்பதுதான் ஆளைக் கொல்லும்.

டாங்கை எடுக்க இறக்கைத் துணியை வெட்ட வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து இடது டாங்கில் பழைய பூச்சை அசிட்டோன் ஊற்றிக் கரைத்து எடுத்துவிட்டு, ‘எத்தனால் தாங்கும்’ என்று விற்ற புதுப் பூச்சை ஊற்றினேன். வலது டாங்கில் உரிப்பதற்கே ஒன்றும் மிச்சமில்லை. ரெசினே மெத்தென்று ஆகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய முடிவெடுத்தேன். இப்படி, திட்டமிடாமலே இரண்டு வைத்தியமும் ஒரே விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

புது டாங்குக்கு டெராகேன் 470, எப்பாக்ஸி நோவோலாக் வகை வினைல் எஸ்டர் ரெசின். இறுகும்போது இதன் பின்னல் நெருக்கமானது, கரைப்பான் உள்ளே புக இடம் குறைவு. ஆனால் காற்று படும் முகம் முழுதாக இறுகாது, பிசுபிசுப்பு நிற்கும். பெட்ரோல் படப்போவதோ உள்முகம்! ஆகவே உள்முகம் அச்சின் மேல் படியும்படி டாங்கின் இரண்டு பாதிகளையும் வார்த்தேன். உள்ளே பெட்ரோல் அலையாமல் இருக்க வைக்கும் தடுப்புகளை ஒட்டிய இடங்களில் மட்டும் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தேன்; அது மேலே மிதந்து காற்றை மறைத்துக்கொள்ளும். பிறகு கூடாரம் கட்டி ஹீட்டர் வைத்து, 60 டிகிரியில் ஆறு மணி நேரம் வேக வைத்தேன். இறுகியதா என்று பார்க்க ஒரு வழி: அசிட்டோனில் நனைத்த துணியால் தேய்த்து, காய்ந்ததும் விரலை வையுங்கள். ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. இந்த ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் எம்ஈகேபி வினையூக்கியையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

கூடவே இரண்டு ஊறுகாய் பாட்டிலில் இ10 ஊற்றி, ஒன்றில் பழைய டாங்கின் துண்டு, மற்றதில் புது ரெசின் துண்டு போட்டு ஷெல்ஃபில் வைத்தேன். ஒரே மாதத்தில் முதல் பாட்டில் கடுங்காப்பி நிறத்துக்குப் போனது, துண்டில் நகம் பதிந்தது. இரண்டாவது துண்டு இன்றும் கல்லாக இருக்கிறது.

இடது டாங்கின் புதுப் பூச்சு? 2020 இலையுதிர் காலத்தில் மூடிக்குக் கீழே கொப்புளம் கண்டேன். அடுத்த குளிர்காலத்தில் அதையும் வெட்டி எடுத்து வினைல் எஸ்டரில் செய்துவிட்டேன். டாங்கின் ரெசினே எத்தனாலைத் தாங்காதபோது, மேலே எதைப் பூசினாலும் அது வெறும் பிளாஸ்திரிதான். என்னைக் கேட்டால் அந்தக் காசையும் நேரத்தையும் புது டாங்கில் போடுங்கள்.

டாங்க் தாங்கினாலும் இப்போது நான் எத்தனால் ஊற்றுவதில்லை. காரணம் தண்ணீர். இ10 ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். என் டாங்குக்கு அது ஒரு பெரிய டம்ளர் அளவு. புறப்படும் முன் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் தெரியும். மேலே குளிரில் போனதும் அவ்வளவையும் கரைத்து வைக்க அதற்கு முடியாது. தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். மேலே நிற்கும் பெட்ரோலிலும், எத்தனால் போனதால், ஆக்டேன் குறைந்திருக்கும்.

மினசோட்டாவில் எத்தனால் கலக்காத 91 ஆக்டேன் பெட்ரோல் படகுக்கும் பழைய கார்களுக்கும் என்று விற்கிறார்கள். நான் வாங்குவது அதுதான். ஒரே ஹோஸில் பல ரகம் வரும் பங்க் என்றால் முதல் சில லிட்டரைக் காருக்குப் போட்டுவிட்டுப் பிறகுதான் கேனில் பிடிப்பேன், முந்தையவர் பிடித்தது ஹோஸில் தங்கியிருக்கும்.

பலகையை நம்பாமல் ஒவ்வொரு கேனையும் சோதிக்கிறேன். 100 மில்லி அளவுக் குழாயில் முதலில் 10 மில்லி தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர்; நிறம் தண்ணீரில்தான் நிற்கும், பெட்ரோலில் ஏறாது. மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஆரஞ்சுக் கோடு 10-இலேயே நின்றால் சுத்தம். இ10 என்றால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், கோடு 18-க்குப் பக்கத்தில் ஏறிவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே இப்போது வரும் இ20-க்குக் கோடு இன்னும் மேலே போனது என்று போட்டோ அனுப்பினான்.

இந்த மார்ச்சில் வருடாந்திரப் பரிசோதனை முடிந்தது. வடிகட்டி இரண்டும் பளிச்சென்று வந்தன. ரப்பர் ஹோஸ்களை ஐந்து வருடக் கணக்குப்படி இரண்டாவது முறையாக மாற்றினேன். மீதி இருப்பது ஒன்றுதான். போன ஜூலையில் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சிக்குப் போனபோது வழியில் 100எல்எல் ஊற்ற வேண்டியிருந்தது. அதன் நீலச் சாயம் இடது டாங்கின் வாய் ஃபிட்டிங்குக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறையாக நிற்கிறது. கசிவை அடைக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வாங்கி வைத்துவிட்டேன்; டாங்க் காலியாகும் வாரத்தில் மாற்ற வேண்டும்.