தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு சில்லுத் தேடல் சேவை: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

2021-ஆம் ஆண்டின் நடுவில், எங்கள் சிறிய பட்டறை தயாரிக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு வேண்டிய எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் (பலகையின் மூளையாக இயங்கும் சில்லு) எங்கும் கிடைக்காமல் போயிற்று. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் 52 வாரம் ஆகும் என்று எழுதியதோடு, ஆர்டரை ரத்து செய்யவோ சரக்கைத் திருப்பவோ இயலாது என்ற நிபந்தனையையும் சேர்த்திருந்தார். பெருந்தொற்றின் தொடக்கத்தில் ஆர்டர்களைக் குறைத்த கார் நிறுவனங்கள் மீண்டும் வந்து வரிசையில் நின்ற நேரம் அது. போதாக்குறைக்கு, பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிர்ப்புயலால் ஆஸ்டின் நகரின் சில்லு ஆலைகள் நின்றன; மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் என்ற சில்லு நிறுவனத்தின் நாகா ஆலை தீப்பிடித்தது. ஆண்டுக்குச் சில நூறு சில்லுகள் மட்டுமே வாங்கும் எங்களை யார் பொருட்படுத்துவார்கள்?

ஆகவே, திறந்த சந்தையில் உதிரிகளைத் தேடித் தரும் ஓர் இடைத்தரகு நிறுவனத்தை நாடினோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

தேடும் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 400 சில்லுகள் கேட்டோம்; இரண்டே நாளில் கொட்டேஷன் வந்தது. விலை வழக்கத்தைப் போல ஆறு மடங்கு, அதுவும் 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள். நாங்கள் மறுத்து, பணம் மூன்றாம் நபரிடம் எஸ்க்ரோவில் இருக்கட்டும், சரக்கைச் சோதித்த பிறகே விடுவிப்போம் என்று பிடிவாதமாக நின்றோம். அந்தப் பிடிவாதம்தான் பின்னர் எங்களைக் காப்பாற்றியது.

முதலில் அனுப்பிய 10 மாதிரிகளும் சரியாகவே இருந்தன. மீதி 390 இரண்டு பைகளில், தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு வந்தன. எல்லாத் தட்டுகளின் லேபிளிலும் 2032, அதாவது 2020-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது என்ற டேட் கோடு இருந்தது. இரண்டாவது பையைப் பிரித்ததும், உள்ளே கிடந்த, ஈரம் புகுந்தால் நிறம் மாறும் ஈரப்பத அட்டையின் நீல வட்டங்கள் அனைத்தும் இளஞ்சிவப்பாக மாறியிருந்ததைக் கண்டோம். அந்தத் தட்டுகளில் இருந்த சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, முதல் பின்னை (இணைப்புக் காலை) காட்டும் சிறு குழி பாதி நிரம்பி மழுங்கியிருந்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தோம்; பஞ்சு கறுத்தது. உண்மையான சில்லின் மேற்புறம் அப்படிக் கரையாது. கடைசியாக, சில்லின் உள்ளே பார்க்க உதவும் டீபக்கர் கருவியில் இணைத்துப் படித்தோம்: 1-இல் தொடங்க வேண்டிய உள் அடையாள எண் 2-இல் தொடங்கியது. பழைய எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூசி, மேலே புதிதாக அச்சடித்த வேறொரு சில்லு அது.

என்னை அதிகம் எரிச்சலூட்டியது சோதனை அறிக்கைதான். போலி உதிரிகளைத் தடுப்பதற்கான ஏஎஸ்6081 தரநிலையைப் பின்பற்றுவதாகச் சொல்லி, எக்ஸ்ரே படங்களுடன் 14 பக்க அறிக்கை அனுப்பியிருந்தார்கள். படங்கள் எல்லாமே முதல் பையிலிருந்து எடுக்கப்பட்டவை. லேபிள் ஒன்றாக இருந்ததால் இரண்டையும் ஒரே தொகுதி என்று கொண்டதாகப் பின்னர் விளக்கினார்கள். லேபிளை நம்புவதற்குச் சோதனைக் கூடம் எதற்கு?

ஆனால் வாதாடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் எஸ்க்ரோவில் இருந்ததே அந்தப் பணிவுக்குக் காரணம் என்பது என் ஊகம். மாற்றுச் சரக்கு வர 23 நாட்கள் ஆயின. அந்த இடைவெளியில், அதே பின் அமைப்புள்ள, வேறொரு நிறுவனத்தின் ஜிடி32 சில்லில் எங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். சில நேரக் கணக்குகளைத் திருத்தியதும் ஓடியது. இப்படியொரு மாற்று உண்டு என்று இச்சேவை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேட்ட எண்ணைத் தேடித் தருவதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

2022-இல் மறுபடியும் இவர்களிடமே 200 சில்லுகள் வாங்கினேன். ஒவ்வொரு தட்டிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், தட்டின் லேபிளும் சில்லும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்தேன். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள், ஐந்து நாள் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டார்கள். இம்முறை அசிட்டோன் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.