கடையில் கோப்புறைகளை ஒன்றாக்கக் கொடுக்கிறீர்களா? பழைய டிஸ்கை அழிக்க விடாதீர்கள்

பழைய கணினியின் எஸ்எஸ்டி டிஸ்கில் ‘படங்கள்’ என்று ஒரு கோப்புறை, வெளி ஹார்ட் டிஸ்கில் அதே பெயரில் இன்னொன்று. புதிய டிஸ்கில் உபுண்டு இயங்குதளம் போட்டு, இரண்டையும் ஒரே கோப்புறையாக்கித் தரும்படி எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். கூலி 1,500 ரூபாய். “எல்லாம் ஏறிவிட்டது சார். எஸ்எஸ்டியையும் ஃபார்மேட் செய்துவிட்டோம்” என்றார்கள். ஃபார்மேட் செய்ய நான் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் மணிவிழாப் படங்களைத் தேடினேன். 0412ஆம் படத்தில் அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுவார். அத்தை பின்னால் அட்சதையோடு கையை ஓங்கி நிற்பார். அந்த எண்ணில் இப்போது இருப்பது கொடைக்கானல் போன பஸ்ஸின் ஜன்னல்.

கொடுக்கும் முன்பே எண்ணிக் குறித்து வைத்திருந்தேன்: எஸ்எஸ்டியில் 1,840, ஹார்ட் டிஸ்கில் 1,312. மொத்தம் 3,152 இருக்க வேண்டும். இருந்தவை 2,406. 746 படங்கள் இல்லை.

கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் டெர்மினலில், முன்பு கொடுத்த கட்டளைகளைக் காட்டும் ‘ஹிஸ்டரி’ கொடுத்ததும் காரணம் தெரிந்தது. இரண்டு கோப்புறைகளையும் ‘சிபி -ஆர்’ என்ற நகலெடுக்கும் கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கட்டளை உங்களிடம் எதையும் கேட்காது. அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன்மேலேயே எழுதிவிடும். குப்பைத்தொட்டிக்கும் எதுவும் போகாது. கேமராக்களோ 0001இல் தொடங்கி 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து வருகின்றன. பெயர் மோதாமல் என்ன செய்யும்?

கேட்கப் போனால், “ஒரே பெயர் என்றால் ஒரே படம்தானே சார்” என்கிறார் கடைக்காரர். கூலி வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர் சொல்லும் பதிலா இது? எஸ்எஸ்டியிலிருந்தாவது மீட்கலாம் என்று பார்த்தேன். உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறையான எக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யும்போதே, பழைய இடமெல்லாம் காலி என்று டிஸ்குக்குத் தகவல் போய்விடுகிறது. மீட்பு மென்பொருளுக்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

கடையில் கொடுத்தாலும் நீங்களே செய்தாலும் கட்டளையைப் பாருங்கள். ‘சிபி -ஆர்என்’ என்றாலும், நகலெடுக்கும் இன்னொரு கட்டளையான ‘ஆர்சிங்க் -ஏ’ உடன் ‘--இக்னோர்-எக்ஸிஸ்டிங்’ சேர்த்தாலும், ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தொடாது. ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: பெயர் மோதும் இரண்டாவது கோப்பு நகலாகாமல் பழைய இடத்திலேயே நின்றுவிடும். வேலை முடிந்ததென்று பழைய டிஸ்கை அழித்தால் அதுவும் போச்சு. இரண்டும் வேண்டுமானால் ‘சிபி -ஆர்’ உடன் ‘--பேக்கப்=நம்பர்ட்’ சேர்க்க வேண்டும். முதலில் இருந்த கோப்பு, பெயரின் வாலில் ஓர் எண் ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். ‘ஆர்சிங்க்’ என்றால் முதலில் ‘-என்வி’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். என்னென்ன செய்யப்போகிறது என்று பட்டியல் காட்டும், எதையும் எழுதாது.

உறவினர்களின் போன்களிலிருந்து இதுவரை 31 படங்கள் சேர்ந்திருக்கின்றன. அன்று மண்டபத்தில் படம் எடுத்த இன்னும் நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன்.