டிரைவைப் பூட்டியதாகச் சொல்லி மறைத்து மட்டும் வைத்தார்கள்

திருப்பூரில் ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் என்னுடையது. ஏழு பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், டேலி கணக்கு சாஃப்ட்வேர் டேட்டாவை ஒரே சர்வரில் வைத்து, அவரவர் இடத்திலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து என்ட்ரி போட ஏற்பாடு செய்திருந்தேன். அந்த ஏழில் இரண்டு சாயப்பட்டறைகள். ஒரே எக்ஸ்போர்ட்டரிடம் கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்து ஆர்டர் பிடிக்கப் போட்டி போடுபவர்கள். ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படவே கூடாது என்றுதான் சர்வர் போட்டவரிடம் முதலில் சொன்னேன். அவரும் தலையாட்டினார். இன்வாய்ஸில் 'டிரைவ் செக்யூரிட்டி' என்று தனி வரி, 12,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

போட்டுக் கொடுத்த அன்று நானே பார்த்தேன். எந்த லாகினில் போனாலும், டேட்டா இருக்கும் டி டிரைவ் ஐகானே இல்லை. அட்மின் லாகினிலும் இல்லை. "உங்களுக்கே காட்டாதுன்னா பார்த்துக்குங்க சார், அவ்வளவு டைட்" என்றார். நானும் நம்பினேன். எல்லாருக்கும் பொதுவான லோக்கல் பாலிசியில், அதாவது விண்டோஸில் யாருக்கு எது தெரியலாம், எது கூடாது என்று வைக்கும் செட்டிங்கில், போட்டுவிட்டதால்தான் அட்மினுக்கும் மறைந்தது என்று இப்போது தெரிகிறது. அட்மின் அல்லாதவர்களுக்கு மட்டும் தனியாகப் போட விண்டோஸிலேயே வழி இருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, அல்லது மெனக்கெடவில்லை.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பட்டறையின் அக்கவுண்டன்ட் பையன் போன் செய்தான். எக்ஸெல் ஃபைலை சேவ் பண்ணப் போனவன், பழக்க தோஷத்தில் ஃபைல் பெயர் கேட்கும் கட்டத்தில் டி, கோலன், பேக்ஸ்லாஷ் என்று தட்டி என்டர் அடித்திருக்கிறான். "அண்ணா, எல்லாத்தோட ஃபோல்டரும் தெரியுதுங்ணா. அவங்க ரேட் லிஸ்ட்டும் இருக்குதுங்ணா. நான் தொறக்கலைங்ணா." திறந்தானோ இல்லையோ, அவன் சொன்னதே பெரிய விஷயம். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

சர்வர்காரரைக் கூப்பிட்டேன். "யாருங்க சார் அதையெல்லாம் டைப் பண்ணப் போறாங்க?" என்றார். நடந்தது இதுதான்: விண்டோஸில் டிரைவ் ஐகானை மறைக்க ஒரு பாலிசி, திறக்க விடாமல் தடுக்க இன்னொரு பாலிசி இருக்கிறது. அவர் முதலாவதை மட்டும் போட்டிருக்கிறார். சரி, இரண்டாவதைப் போட்டிருந்தால் முடிந்ததா? அதுவும் இல்லை. எக்ஸ்ப்ளோரர் வழியாகப் போனால் நிறுத்தும். வேறு புரோகிராம் வழியாகப் போனால் நிறுத்தாது. அந்தப் பாலிசியின் விளக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் இதை எழுதி வைத்திருக்கிறது. டேலியில் டேட்டா இருக்கும் பாதையைத் தட்டிக் கொடுத்தாலே, பாஸ்வேர்டு போடாத கம்பெனி திறந்துவிடும். கமாண்ட் பிராம்ப்ட்டுக்கும் இந்தப் பாலிசி ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு கூத்து. அந்தப் பாலிசியில் வரும் பட்டியலில் ஏ முதல் டி வரைதான் டிரைவ்கள், இல்லாவிட்டால் மொத்தமாக எல்லா டிரைவும். அவர் டி வரை வைத்துவிட்டார். பேக்கப்புக்கு நான் பிறகு வாங்கிச் செருகிய டிஸ்க் இ டிரைவாக எல்லார் திரையிலும் பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருந்தது. அதில் ஏழு பேர் டேட்டாவும் இருந்தது.

உண்மையான பூட்டு என்டிஎஃப்எஸ் பர்மிஷன்தான்: எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்று டிஸ்க்கிலேயே எழுதி வைக்கும் உரிமை. வேறு ஒருவரை வைத்து ஒரே மத்தியானத்தில் சரி செய்தேன். பார்ட்டிக்கு ஒரு குரூப். அவரவர் ஃபோல்டரில் மேலிருந்து வரும் பர்மிஷனைத் துண்டித்து, யூசர்ஸ் என்ற பொது குரூப்பை எடுத்துவிட்டு, அந்தப் பார்ட்டியின் குரூப்புக்கு மட்டும் மாடிஃபை, அதாவது படிக்க, எழுத, அழிக்க உரிமை. அந்த யூசர்ஸ் குரூப்பில்தான் வினையே: லாகின் உள்ள எவருக்கும் படிக்கும் உரிமை அது வழியாகத்தான் போயிருந்தது. டிரைவின் தலையிலேயே டினை, அதாவது 'அனுமதி இல்லை' என்ற தடை, போட்டுவிடலாமா என்று நான் கேட்டபோது வந்தவர் பதறிவிட்டார். டேலியே திறக்காமல் போய்விடுமாம். பார்ட்டிகளின் சொந்த கம்ப்யூட்டர் டிரைவ்கள் ரிமோட் செஷனுக்குள் வந்து ஒட்டிக்கொள்வதையும் நிறுத்தினார். ஃபைல் வெளியே போக அது ஒரு தாராளமான வாசல்.

பிறகு குரூப் பட்டியலைத் திறந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பார்ட்டி லாகின்கள் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் இருந்தன. ஏதோ பிரிண்டர் வரவில்லை என்று பழையவர் ஒருநாள் சேர்த்துவிட்டு, எடுக்க மறந்திருக்கிறார். அப்படி இருந்தால் ஃபோல்டரில் என்ன பர்மிஷன் போட்டாலும் வீண்.

உங்கள் சர்வரில் சோதிக்க ஆள் தேவையில்லை. ஒரு பார்ட்டியின் லாகினில் நுழைந்து, நோட்பேடில் ஃபைல் ஓபன் கொடுத்து, அடுத்தவர் ஃபோல்டரின் முழுப் பாதையைத் தட்டுங்கள். அட்மினாக இருந்தால் ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு போய், எஃபெக்டிவ் ஆக்சஸில் அந்த யூசர் பெயரைக் கொடுங்கள். என்னென்ன செய்ய முடியும் என்று டிக் அடித்துக் காட்டும்.

ரேட் லிஸ்ட் தெரிந்துபோன பட்டறைக்காரரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார், கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் பென் டிரைவோடு ஆள் அனுப்பி டேட்டாவை வாங்கிக்கொண்டார். ஒன்பது வருடக் கணக்கு.

பழைய சர்வர்காரரின் வருடப் பராமரிப்பு பில் போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது வரி: 'டிரைவ் செக்யூரிட்டி, ரினியூவல்.'