பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் கசிவும், மாற்றப்படாத ஸ்டீயரிங் பாக்ஸும்: வேலூர்ப் பகுதி வண்டி உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பழைய வேனோ மினி பேருந்தோ வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதைக் கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு வெளியூர் செல்பவர்கள், ஸ்டீயரிங் வேலைக்கு வண்டியை ஒப்படைக்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 41,600 ரூபாயை இழந்தேன் என்பதைவிட, முழங்கால் வலியால் நடக்க முடியாத என் தாயும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் இருக்க, அந்த வண்டியை நம்பி நான் மலை ஏறினேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

எங்கள் வண்டி பதினாறு ஆண்டுப் பழையது. இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு படுக்கைகள், ஒரு சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அமைத்திருக்கிறோம். இந்தச் சுமையில் பெரும்பகுதி முன் சக்கரங்களின் மேல் இறங்குவதால், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் இதை நின்ற இடத்தில் திருப்புவது ஒருவரால் ஆகிற காரியமன்று. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் இடத்தில் காலைதோறும் சிவப்பு நிற எண்ணெய்த் திட்டு ஒன்று தென்படத் தொடங்கியது. இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். ரேடியேட்டர் நீர் என்றால் பிசுபிசுப்பு இராது. எங்கள் வண்டியின் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றப்படும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான மெல்லிய எண்ணெய்) சிவப்பு என்பதால் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஒரு வாரத்தில் எண்ணெய் டப்பாவில் அளவு குறைந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, அந்த எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பிலிருந்து முனகல் ஒலி வந்தது.

நெடுஞ்சாலையோரம் உள்ள ஓர் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டேன். பெயரைச் சொல்லவில்லை, விவகாரம் முடியாத நிலையில் சொல்வது முறையாகாது. அதன் உரிமையாளர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடங்களில் எழுந்து வந்து, "பாக்ஸ் போயிடுச்சு சார். சீல் மாத்தினாலும் நிக்காது, புதுசு போட்டாத்தான் வழி" என்றார். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டிதான் ஸ்டீயரிங் பாக்ஸ். அதன் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுவதை எனக்கும் காட்டினார். கண்ணால் பார்த்ததால் நம்பினேன்.

நான்காம் நாள் வண்டி கைக்கு வந்தபோது பாக்ஸ் கறுப்பு வண்ணத்தில் பளபளவென்று இருந்தது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. பழைய பாக்ஸைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். 'ஸ்டீயரிங் வேலை முழுவதும்' என்று ஒரே வரியில் எழுதப்பட்ட தாளைக் கொடுத்துப் பணத்தை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டார்கள். உதிரிபாக எண் இல்லை, எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்ற குறிப்பு இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அன்று இவற்றைக் கேட்டுப் பெற்றிருந்தால் இன்று என் நிலை வேறாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு நாள்கள் கழித்து, பள்ளி விடுமுறையில் ஏலகிரிக்குப் புறப்பட்டோம். ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலை நேராக இருப்பதால் ஒன்றும் தெரியவில்லை. பொன்னேரி அடிவாரத்திலிருந்து மலை ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை ஏறத்தாழ முழுமையாக ஒடிக்க வேண்டியிருப்பதால் பம்பு உச்ச அழுத்தத்தில் வேலை செய்து எண்ணெய் சூடேறுகிறது. நான்காவது வளைவில் முனகல் ஒலி திரும்ப வந்தது. எட்டாவது வளைவில் பாதி திரும்பிய நிலையில் ஸ்டீயரிங் கல்லைப் போல இறுகிவிட்டது. பவர் உதவி போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இயந்திர இணைப்பு அறுவதில்லை. பலம் முழுவதும் கொடுத்தால் திரும்பும். ஆனால் அவ்வளவு எடையோடு, ஏற்றத்தில், மெதுவாகச் செல்லும்போதுதான் அந்தப் பலம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. முன் சக்கரம் தடுப்புச் சுவருக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தபோது வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த அரசுப் பேருந்தின் நடத்துநரும் பயணிகள் சிலரும் இறங்கி ஓடி வந்து சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். என் தாயை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கிப் பேருந்தில் உட்கார வைத்தார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

எண்ணெய் டப்பாவைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிற நுரைதான் இருந்தது. இன்ஜினுக்கு அருகே எண்ணெய் தெறித்துச் சைலன்சர் குழாயின் மேல் புகைந்துகொண்டிருந்தது. சூடான குழாயில் படும் எண்ணெய் தீப்பிடிக்கவும் கூடும் என்பதால், இந்தக் கசிவை வாசல் அழுக்காகும் பிரச்சினை என்று மட்டும் எண்ணி யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

கிரேன் வண்டிக்கு 9,000 ரூபாய் கொடுத்து, உறவினர் சொன்னபடி ஆற்காட்டில் லாரிகளுக்கு வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அங்கு எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. டப்பாவிலிருந்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து, "இது இன்ஜின் ஆயில் தம்பி" என்றார். அது ஏ.டி.எஃப்.-ஐவிடக் கெட்டியானது. பம்பின் நுண்ணிய இடைவெளிகளுக்கும் வால்வுக்கும் அது ஏற்றதன்று. விலை குறைவு என்பதற்காகவும், கையில் இருக்கிறது என்பதற்காகவும் ஊற்றுகிறார்கள்.

அடுத்து அவர் செய்ததை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முதல் ஒர்க்ஷாப்பில் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். பம்பு, குழாய்கள், பாக்ஸ் ஆகிய எல்லாவற்றையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்துக் காயவிட்டார். இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். பிறகு சரியான எண்ணெயை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, என்னை ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, டார்ச் விளக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கையால் தடவிப் பார்க்க என்னை விடவில்லை. அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்றார். இரண்டு நிமிடங்களில் பவுடர் ஓரிடத்தில் சிவந்து நனைந்தது. பம்பிலிருந்து புறப்படும் அழுத்தக் குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் இருந்த செப்பு வாஷர் நசுங்கிப் போயிருந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய் குழாய் வழியே வழிந்து, சேஸிஸைத் தொட்டு ஓடி, தாழ்வாக உள்ள பாக்ஸின் அடிக்கு வந்து சொட்டியிருக்கிறது. "சொட்டுற இடத்தைப் பாத்து ஏமாறக் கூடாது தம்பி. மேல எங்க முதல்ல நனையுதுன்னு பாக்கணும்" என்றார் அவர். திரும்பி வரும் குழாயின் முனையும் வெடித்திருந்தது. நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில், இன்ஜின் சூட்டுக்கு நடுவே, ரப்பர் இறுகி வெடிப்பது எதிர்பார்க்க வேண்டியதே. முதல் ஒர்க்ஷாப்பில் அந்த வெடிப்பின் மேலேயே கிளிப்பை நெருக்கி முறுக்கியிருக்கிறார்கள். சமதரையில் ஓடிய வரை அது தாங்கியது.

பாக்ஸில் கசிவே இல்லை. அதைவிட, அது புதிய பாக்ஸும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜமுனாமரத்தூர் சாலையில் கல் தெறித்து அதன் கீழ் மூலையில் ஒரு வடு விழுந்தபோது, பிறகு கசிவு வந்தால் காட்ட உதவும் என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். பாய் கறுப்பு வண்ணத்தைச் சுரண்டியபோது அதே வடு, அதே மூலையில் வெளிப்பட்டது. என் சொந்தப் பாக்ஸுக்கு வண்ணம் அடித்து, புதியது என்று எனக்கே விற்றிருக்கிறார்கள்.

இரண்டு செப்பு வாஷர்கள், திரும்பும் குழாய், இரண்டு கிளிப்புகள், பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்ற ஆன புதிய எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து 3,450 ரூபாய் ஆனது. காற்றை வெளியேற்ற முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்தி, இன்ஜினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பலமுறை மெதுவாகத் திருப்பி, அளவு குறையக் குறைய எண்ணெய் ஊற்றினார்கள். நுரை அடங்கிய பிறகே இன்ஜினை ஓட்டினார்கள். முழுமையாக ஒடித்த நிலையில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, பம்பு சூடேறிக் கெடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே, பாக்ஸோ பம்போ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கழுவித் துடைத்த பின் கசிவு எங்கே தொடங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் அடியில் நாலு படங்கள் எடுத்து வையுங்கள். இதில் நான் செய்தது கடைசி ஒன்றை மட்டுமே, அதுவும் தற்செயலாக. அழுத்தக் குழாய்தான் போயிருக்கிறது என்றால், ஜே.சி.பி. இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திப் பொருத்தித் தரும் கடைகளில் அதே அளவில் செய்து வாங்கலாம். அந்த இடத்தில் சாதாரண ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப்பு போட்டால் அது அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஒர்க்ஷாப் உரிமையாளரிடம் படங்களோடு போனேன். முதலில் ரீகண்டிஷன் பாக்ஸ், அதாவது பழுது பார்த்துப் புதுப்பித்த வேறொரு பாக்ஸ், என்றார். வடுவைக் காட்டியதும், பாக்ஸ் மாற்றியதாகத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பாய் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கையும், வண்ணம் சுரண்டிய பாக்ஸின் படமும், அந்த ஒற்றை வரித் தாளும் என்னிடம் இருக்கின்றன. அறிவிப்பு கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை சென்ற வாரம் வந்தது. பதில் இன்னும் வரவில்லை.