1,306 அறுகோணங்கள்: கைத்தையல் போர்வையோடு இரண்டரை ஆண்டுகள்

2023 பொங்கல் விடுமுறையில் என் ஒட்டுப்போர்வைக்கான முதல் அறுகோணத் துணித் துண்டை வெட்டினேன். நேற்று இரவு 1,306-வது துண்டு சேர்ந்தது. வேண்டியது 1,940. "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலாக இருக்கட்டும் என்றும், அம்மாவின் பழைய பருத்திப் புடவைகளைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல் கட்டவும் முடியாமல் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றும் இதை எழுதுகிறேன்.

முறை எளிது. பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ள அறுகோண அட்டையின் மேல் இரண்டரை அங்குலத் துணித் துண்டை வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து, பிறகு உருவிவிடக்கூடிய பெரிய தையலாகப் போட வேண்டும். அப்படி மடித்த இரண்டை முகத்தோடு முகம் வைத்து, ஒரு பக்க விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி துணியின் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிடிக்க வேண்டும், அட்டையில் ஏறக் கூடாது. ஒரு துண்டுக்கு ஆறு பக்கமும் துணை வந்துவிட்டால் அட்டையை உருவி மறுபடி பயன்படுத்தலாம். நடுவில் மஞ்சள், சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று 19 துண்டில் ஒரு பூ. 1930-களில் அமெரிக்க வீடுகளில் இந்த வடிவத்துக்கு 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று பெயர். தாள் வைத்துத் தைப்பது அதற்கும் மிகப் பழையது. 1718 என்று ஆண்டு தைக்கப்பட்ட பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று பிரிட்டனில் குயில்ட் எனப்படும் அடுக்குப் போர்வை தைக்கும் கலைஞர்களின் சங்கத்திடம் இருக்கிறது. அதற்குள் வைத்த தாள்கள் இன்னும் அதிலேயே இருக்கின்றன.

என் போர்வைக்குள் இருப்பவை கல்யாணப் பத்திரிகைகள். தினசரி காலண்டர் தாள் மெலிது, மடிப்பு நிற்கவில்லை. மருந்துப் பெட்டி அட்டை முரடு, ஊசி வழுக்குகிறது. நம் வீடுகளில் அலமாரி நிறையச் சேரும் பத்திரிகைகளின் கனம்தான் சரியாக அமைந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தங்க எழுத்து அச்சிட்ட பக்கம் துணியைத் தொடக் கூடாது. முதல் மாதத்தில் அது தெரியாமல் இஸ்திரி போட்டேன். வெள்ளை இதழ் ஒன்றில் 'மங்களகரமான' என்ற சொல் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டைக் கழற்றவில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் எட்டு மாதத்தில் 110 துண்டுதான் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் உட்காருவது என்று திட்டம். எந்த ஞாயிறு மதியம் யார் வீட்டில் சும்மா இருக்கிறது? விருந்தாளி வருவார்கள், இல்லை என்றால் தூக்கம் வரும். அந்த ஆண்டு செப்டம்பரில் கணக்கை மாற்றினேன்: நாளுக்கு இரண்டு துண்டு, அதற்கு மேல் கிடையாது. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியபின் அரை மணி நேரம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் அதே கட்டத்தில் இரண்டு புள்ளி வைக்கிறேன். பால் ஒரு லிட்டர், புள்ளி இரண்டு. புள்ளி இல்லாத கட்டங்களும் உண்டு. மாமியாருக்குக் கண் அறுவை நடந்த வாரம் முழுக்கக் காலி. விட்டதை மறுநாள் சேர்த்துத் தைப்பதில்லை. சேர்த்துத் தைத்த நாள்களில்தான் தையல் கோணலாகப் போய்ப் பிரித்திருக்கிறேன்.

சாமான்கள் அதிகமில்லை. 10-ஆம் எண் மெல்லிய ஊசி நன்றாக உழைக்கிறது. நடுவிரலில் மாட்டும் உலோகத் தொப்பியை முதலில் அலட்சியப்படுத்தினேன், விரல் நுனி காய்த்த பிறகு வாங்கினேன். நூல் ஒரு முழம் போதும், நீண்டால் சிக்கும். எந்த நிறத் துணிக்கும் சாம்பல் நூலே மறைவாகப் படிகிறது, துணிக்கொரு நூல் என்று நான் முதலில் வாங்கியது வீண் செலவு. எல்லாமே ஒரு சம்படத்தில் அடங்கி மஞ்சள் பையில் போய்விடும். திருச்சியில் பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னை போய்ச் சேர்வதற்குள் ஒரு பூ முடிந்துவிடுகிறது, அட்டையில் மடித்துத் தைக்கும் வேலையை மட்டும் முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

துணியில்தான் பாடம் படித்தேன். பழைய புடவையை வெட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் கொசுவலை மாதிரி தெரியும், அதை விட்டுவிடுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் திடமாக இருக்கும். சிவப்புச் சுங்குடி ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஊறவைத்தேன். நான்கு பூ தைத்து முடித்துத் துவைத்தபோது பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. 31 துண்டைப் பிரித்து மாற்றினேன். இப்போது எந்தத் துணியானாலும், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, கறை படாவிட்டால் மட்டுமே வெட்டுகிறேன்.

வெட்டுத் துண்டுகள் தரும் தெருமுனைத் தையற்கடைக்காரர் பூக்களை நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, என்னிடம் கொடுத்திருந்தால் மெஷினில் நாலு நாளில் அடித்துக் கொடுத்திருப்பேனே?" என்றார். உண்மைதான். ஒவ்வொரு பக்கமும் இரண்டு துண்டுக்குப் பொது என்பதால், ஒரு துண்டுக்குச் சராசரி மூன்று பக்கம் என்று வைத்தால் இதில் கையால் தைக்கும் விளிம்பின் நீளம் ஏறக்குறைய 148 மீட்டர்.

ஆகவே எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு போர்வை சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்றால் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' சமூகத்துப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்ற ஒட்டுப்போர்வை முறையைப் பாருங்கள். அட்டை கிடையாது, அளவு கிடையாது. அடித்துணியின் மூலையில் தொடங்கி, கிடைத்த துண்டுகளை வரிசையாக வைத்து ஓட்டுத் தையலில் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். துண்டை இணைப்பதும், மேல்துணி அடித்துணி என்ற அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். எனக்கோ துண்டெல்லாம் சேர்ந்தபின் அடுக்குகளைச் சேர்க்கும் வேலை தனியாகக் காத்திருக்கிறது. உள்ளே பஞ்சு வைக்கப்போவதில்லை. திருச்சி வெயிலுக்குப் பஞ்சுப் போர்வை யாருக்கு வேண்டும்? அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டை இணைத்து வைக்கப்போகிறேன்.

மீதி 634. இதே வேகத்தில் இன்னும் ஓராண்டு ஆகும். இப்போதைய சிக்கல் வேறு: பூவின் நடுவில் வைக்கும் மஞ்சள் தீர்ந்துவிட்டது. மாமியாரின் பீரோவில், மேல்தட்டில், மாம்பழ நிறச் சின்னாளப்பட்டி ஒன்று மடித்து வைத்திருக்கிறது. அவர் அதைக் கட்டி ஆறேழு வருடம் இருக்கும். இன்னும் கேட்கத் துணிவு வரவில்லை.