கப்பலுக்கு எந்த எண்ணெய்? ஸ்க்ரப்பரோடு பழைய 380-ஆ, குறைந்த கந்தக எண்ணெயா, கேஸ் ஆயிலா?

2020 ஜனவரி 1-க்கு முன்னால், நடுக்கடலில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு எண்ணெய் வாங்குவதில் பெரிய யோசனை எதுவும் இருக்காது. 380 என்றால் போதும். 50 டிகிரி சூட்டில் 380 செண்டிஸ்டோக் பிசுபிசுப்புள்ள கன எண்ணெய் என்று எந்தத் துறைமுகத்திலும் புரிந்துகொள்வார்கள். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவதைக் கொஞ்சம் இளக்கித் தருவதுதான் அது. அதில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம். அந்த வரம்பு 2020 ஜனவரி 1 அன்று 0.5 சதவீதமாக இறங்கியது. பால்டிக், வட கடல், வட அமெரிக்கக் கரையோரம் போன்ற கட்டுப்பாட்டு வட்டாரங்களில் 2015-லிருந்தே 0.1 தான். 2025 மே 1 முதல் மத்திய தரைக்கடலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இப்போது கப்பல்காரர் முன்னால் முக்கியமாக மூன்று வழிகள். புகையிலுள்ள கந்தகத்தைக் கழுவி எடுக்கும் ஸ்க்ரப்பரைப் புகைபோக்கியில் மாட்டிக்கொண்டு பழைய 380-ஐயே எரிப்பது. கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இல்லாத எண்ணெய்க்கு மாறுவது. இல்லையென்றால் டீசலின் உறவினரான மரைன் கேஸ் ஆயில். எல்என்ஜியை, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை, இங்கே சேர்க்கவில்லை. அதற்குத் தொட்டி, குழாய், எஞ்சின் எல்லாமே வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு அது மாற்று எண்ணெய் ஆகாது, கிட்டத்தட்ட வேறு கப்பல்.

நான் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். கரையில் இருப்பவர்கள் போடும் ஒப்பீடு பெரும்பாலும் டன் விலையோடு முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டாங்கில் இறங்கிய எண்ணெய் எஞ்சினுக்குள் போய் எரியும் வரை அதற்குப் பின்னால் எவ்வளவு சூடு, எவ்வளவு கழிவு, எத்தனை பேருடைய தூக்கம் போகிறது என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

முதலில் 380. ஆறிப்போனால் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும், பம்ப் இழுக்காது. அதனால் டாங்கிலேயே நீராவிக் குழாய் ஓடி 40, 45 டிகிரியில் வைத்திருக்கும். எண்ணெயைச் சுழற்றித் தண்ணீரையும் அழுக்கையும் பிரிக்கும் பியூரிஃபையருக்குப் போகும்போது 98 டிகிரி. எஞ்சினுக்குள் நுழையும்போது 130-லிருந்து 140. அந்தச் சூட்டில்தான் அது தெளிக்கும் பதத்துக்கு இளகும். கப்பல் எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 8217 தரப்படி அரை சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். அதுவும் டன் விலையில்தான் வருகிறது. அலுமினியம், சிலிக்கான் துகள்கள் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை அனுமதி. ஆலையில் வினையூக்கியாகப் போட்டதன் மிச்சம் அது, உப்புத்தாள் மாதிரி சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்த்துவிடும். அதை 15-க்குக் கீழே இறக்கித்தான் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை முழுக்கப் பியூரிஃபையர் தலையில்.

அப்புறம் வெப்பம். கப்பல் கணக்குகளில் கன எண்ணெய்க்குக் கிலோவுக்கு 40.2 மெகாஜூல் என்றும், கேஸ் ஆயிலுக்கு 42.7 என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது 100 டன் கேஸ் ஆயில் செய்யும் வேலைக்கு 106 டன் 380 வேண்டும். விலைப்பட்டியலில் இந்த ஆறு டன் தெரிவதே இல்லை.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தாலும் 380 மலிவுதான், அதை மறுக்க முடியாது. ஸ்க்ரப்பர் கட்டுப்படியாகுமா என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நாளுக்கு 30 டன், வருடத்தில் 220 நாள் ஓட்டம் என்றால் 6,600 டன். ஸ்க்ரப்பர் பொருத்த 30 லட்சம் டாலர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 380-க்கும் 0.5 சதவீத எண்ணெய்க்கும் டன்னுக்கு 300 டாலர் வித்தியாசம் இருந்தால் ஒன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 100 டாலர் என்றால் நாலரை வருடம். 50 என்றால் ஒன்பது வருடம். இது வெறும் கற்பனை இல்லை. 2020 ஜனவரியில் சிங்கப்பூரில் வித்தியாசம் 300 டாலருக்கு மேல் இருந்தது. கொரோனா வந்து இரண்டு மூன்று மாதத்தில் 50, 60 டாலருக்கு விழுந்தது. ஜனவரி விலையை நம்பி ஸ்க்ரப்பருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வருடம் என்ன பாடுபட்டிருப்பார்கள்! நாளுக்கு 80, 100 டன் எரிக்கும் பெரிய கண்டெய்னர் கப்பலுக்கு இந்தக் கவலை குறைவு. ஓட்டம் குறைந்த சின்னக் கப்பலுக்கு, என்னைக் கேட்டால், வேண்டாம்.

ஆனால் என் மனதை உறுத்துவது பணம் இல்லை, கழுவிய தண்ணீர். 3.5 சதவீத எண்ணெய் ஒரு டன் எரித்தால் 70 கிலோ கந்தக டை ஆக்சைடு வருகிறது. 0.5 சதவீதத்தில் 10 கிலோ. 0.1-ல் 2 கிலோ. ஓபன் லூப் ஸ்க்ரப்பர் அந்த 70 கிலோவில் பெரும்பகுதியைக் கடல்நீரால் கழுவி, அந்த நீரைக் கடலிலேயே விடுகிறது. ஒரு மெகாவாட் மணிக்கு 45 டன் நீர் என்பது வழக்கமான அளவு; 10 மெகாவாட் எஞ்சினுக்கு மணிக்கு 450 டன். கந்தகத்தோடு நிக்கல், வனேடியம், எரியாத கரி எல்லாமும் அதில் போகும். சிங்கப்பூரும் அமீரகத்தின் ஃபுஜைராவும் 2020-லேயே தங்கள் துறைமுக நீரில் இதை விடத் தடை போட்டுவிட்டன. 2025 ஜூலையிலிருந்து டென்மார்க் தன் கடல் எல்லைக்குள்ளும் விட விடுவதில்லை. கழுவிய நீரையே சுத்தம் செய்து திரும்பத் திரும்பச் சுற்றவிடும் குளோஸ்டு லூப் பரவாயில்லை, ஆனால் காரம் வாங்க வேண்டும், சேரும் ஸ்லட்ஜை, அதாவது கசடைக் கரையில் இறக்க வேண்டும். காற்றுக்காகப் போட்ட சட்டத்தைக் கடலில் கரைத்துவிடுகிற ஓபன் லூப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, 0.5 சதவீத எண்ணெய். இதன் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. 380 என்றால் ஓரளவு என்ன வரும் என்று தெரியும். இங்கே கந்தகம் 0.5-க்கு மேல் இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். ஒரு துறைமுகத்தில் 30 செண்டிஸ்டோக், அடுத்ததில் 300. ஒன்றில் மெழுகு அதிகம். அதைக் குளிர விட்டால் டாங்குக்குள்ளேயே உறைந்துவிடும். இன்னொன்றில் நறுமணச் சேர்மங்கள் அதிகம். கன எண்ணெயில் இருக்கும் தாரை மிதக்க வைத்திருப்பவை அந்த நறுமணச் சேர்மங்கள்தான். மெழுகு மிகுந்த எண்ணெயை அதன் மேலே ஊற்றினால், பால் திரிவது போல் தார் தனியே திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. இரண்டு துறைமுகத்து எண்ணெய், இரண்டுக்கும் தனித்தனியாக ரிப்போர்ட் சுத்தம். அவசரத்தில் ஒரே டாங்கில் சேர்ந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எஞ்சின் ரூம் ஊழியரான ஆயிலர் போன் செய்தார்: "சார், பியூரிஃபையர் தண்ணி சைடுல எண்ணெய் தள்ளுது." இறங்கிப் போய் பியூரிஃபையரின் சுழலும் கிண்ணமான பவுலைத் திறந்தோம். டிஸ்க்குகளுக்கு நடுவே கறுப்புக் களிம்பு, கரண்டியால் வழித்து எடுக்கும் கெட்டியில். அடைத்து முடிப்பதற்குள் ஃபில்டர் அலாரம். அடுத்த இரண்டு நாள் மாற்றி மாற்றிக் கழுவினோம். டன்னுக்கு எத்தனை டாலர் மிச்சம் பிடித்தார்களோ, அந்தக் களிம்பை வழித்தவர்களிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அதற்காக 380 ஒழுங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 தொடக்கத்தில் சிங்கப்பூரில் கரிம குளோரைடு கலந்த கன எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போய், 80 கப்பல்கள் வரை எஞ்சின், ஃபியூயல் பம்ப் கோளாறில் மாட்டின.

கேஸ் ஆயில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. சூடாக்க வேண்டாம், ஸ்லட்ஜ் அநேகமாகக் கிடையாது, 0.1 வட்டாரத்துக்குள் நேராகப் போகலாம். விலைதான் கை சுடும். ஒரு ஆபத்து உண்டு: 380-லிருந்து இதற்கு மாறும்போது அவசரப்பட்டால் ஃபியூயல் பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது. 130-லிருந்து 40-க்கு வர முக்கால் மணி நேரம். கட்டுப்பாட்டு எல்லைக்கு எவ்வளவு முன்னால் வால்வைத் திருப்ப வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் குறிப்பார்கள்.

கடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதும் என் ஒப்பீட்டில் உண்டு. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கன எண்ணெய் கரை ஒதுங்கியபோது, ஆட்கள் வாளியால் அள்ளியதை ஊரே பார்த்தது. கேஸ் ஆயில் சிந்தினாலும் மீனுக்கு விஷம்தான், ஆனால் பெரும்பகுதி சில நாளில் ஆவியாகியும் கலைந்தும் போகும். கன எண்ணெய் பாறையில் ஒட்டினால் ஒட்டியதுதான். புது எண்ணெயும் இதில் பழையதன் தம்பியே: 2020-ல் மொரீஷியஸில் தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து சுமார் 1,000 டன் கொட்டியது 0.5 சதவீத எண்ணெய்தான்.

கரையில் பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் என்ற பெயரில் கன எண்ணெய் எரிப்பவர்களுக்கும் கதை இதேதான். சுற்றி வீடுகள் இருப்பதால் இன்னும் கடுமை. டெல்லியை ஒட்டிய மாநிலங்களில் தொழிற்சாலைகள் ஃபர்னஸ் ஆயில் எரிக்க 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. குழாய் எரிவாயு வரும் ஊரில் இன்னும் ஃபர்னஸ் ஆயிலில் ஓட்ட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கப்பலுக்கு என் தேர்வு இது. கரையோரமாக, துறைமுகத்துக்குத் துறைமுகம் தாவும் சின்னக் கப்பல் என்றால் கேஸ் ஆயில். மத்திய தரைக்கடலில் பாதி நாளைக் கழிக்கும் கப்பலுக்கும் அதுவே. நெடுந்தூரம் ஓடும் பெரிய கப்பல், இன்னும் பத்து வருடமாவது ஓடும் என்றால் குளோஸ்டு லூப்போடு 380 நியாயம். நடுவில் இருக்கிற எல்லோருக்கும் 0.5 சதவீதம், ஆனால் புதிதாக வாங்கியதைக் காலி டாங்கில்தான் இறக்க வேண்டும், லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன் எரிக்கக் கூடாது. கலக்காமல் முடியாது என்ற நிலை வந்தால், பாதிக்குப் பாதி கலந்து சூடாக்கி ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டு, ஓவனில் 100 டிகிரியில் வைத்துப் பாருங்கள். சொட்டு ஒரே நிறமாகப் பரவினால் சரி. நடுவில் கறுப்பாக ஒரு உள்வட்டம் விழுந்தால் அந்த வால்வைத் தொடாதீர்கள், ஆபீஸிலிருந்து யார் போன் செய்தாலும் சரி.