மூன்று சுண்ணாம்புப் பாதைகள்: முகட்டில் நடப்பதா, பள்ளத்தில் நடப்பதா?

கரும்பலகையில் எழுதும் கட்டிக்குச் சீமைச்சுண்ணாம்பு என்று பெயர் வைத்தவர்கள் சீமையைப் பார்த்திருப்பார்களோ என்னவோ, பெயர் கச்சிதமாக விழுந்திருக்கிறது. இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் அந்தச் சுண்ணாம்பு மலைமலையாகக் கிடக்கிறது. (இன்று கடையில் வாங்கும் கட்டி பெரும்பாலும் ஜிப்சம் என்பது வேறு கதை.) டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த நுண்பாசிகளின் ஓடுகள் இறுகி உண்டான பாறை இது. மலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். முந்நூறு மீட்டரைத் தொடும் சிகரம்கூட இல்லை. புல்லும் கோதுமையும் வாற்கோதுமையும் போர்த்திய, அலை அலையான மேடுகள்.

அவற்றின் மேல் செல்லும் தேசிய நடைபாதைகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் முடியும் சவுத் டவுன்ஸ் வே, 160 கிலோமீட்டர். ஏவ்பரி அருகிலிருந்து ஐவிங்கோ பீக்கன் என்ற குன்று வரை போகும் ரிட்ஜ்வே, சுமார் 140. வடக்கே ஹம்பர் ஆற்றங்கரையின் ஹெஸ்ஸிலிலிருந்து ஃபைலி வரையிலான யார்க்ஷயர் வோல்ட்ஸ் வே, 127. முதல் இரண்டும் 1970களின் தொடக்கத்திலும் மூன்றாவது 1982லும் திறக்கப்பட்டவை.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகல் முழுக்க நடந்த பிறகு, படுக்கைக்காக மலையை விட்டு இறங்கி, மறுநாள் காலை அதே மலையில் மீண்டும் ஏறச் சம்மதமா?

கேள்விக்குக் காரணம் தண்ணீர். சுண்ணாம்புப் பாறை மழையைப் பஞ்சு போல உறிஞ்சிவிடும். முகட்டில் ஓடை கிடையாது; உள்ளே இறங்கிய நீர் அடிவாரத்தில்தான் ஊற்றாக வெளிவரும். ஆகவே ஊர்களும் விடுதிகளும் காலங்காலமாக அடிவாரத்திலேயே வரிசையாக அமர்ந்துவிட்டன. மேலே ஆடுமாடுகளுக்காகக் களிமண் பூசி வெட்டிய வட்டக் குட்டைகள் சில உண்டு. மனிதர்கள் குடிக்க அல்ல. சவுத் டவுன்ஸ் பாதையும் ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதியும் பெரும்பாலும் இந்த முகட்டை விட்டு அசையாதவை. பாதையோரம் சில இடங்களில் குழாய் இருக்கிறது என்றாலும், கோடையில் இரண்டு லிட்டராவது சுமக்காமல் ஏறுவது அசட்டுத் தைரியம். கூடாரம் அடித்துத் தப்பிக்கலாமே என்றால், நில உரிமையாளர் அனுமதியின்றி அது சட்டப்படி செல்லாது.

இந்த வில்லங்கத்துக்கு சவுத் டவுன்ஸ் தருகிற ஈடு, காட்சி. ஒருபுறம் கடல், மறுபுறம் செங்குத்தாக இறங்கும் சரிவும் அதற்கப்பால் வேலியிட்ட வயல்களும். (டவுன் என்ற பெயரைப் பார்த்து இறக்கம் என்று ஏமாறக் கூடாது, பழைய ஆங்கிலத்தில் அது குன்றைக் குறித்த சொல்.) கடைசி நாளில் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெண்பாறை வரிசையில் ஏறி இறங்கி, 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட்டை அடைகிறோம். பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை அது. வழியில் நிற்கும் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை, பாறை விளிம்பு அரித்து நெருங்கியதால், 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். விளிம்பில் நின்று படம் எடுப்பவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

குறை, கூட்டம். மலைப்பாதை முழுவதும் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரியது; கடலோரப் பாறை விளிம்பு மட்டும் நடப்பவர்களுக்கு. பிரைட்டனிலிருந்து பஸ் ஏறி டெவில்ஸ் டைக் என்ற பள்ளத்தாக்கருகே இறங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் திருவிழா ஆக்கிவிடுவார்கள். ஆனால் அதே வசதிதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரம்: ஆம்பர்லி, சவுத்தீஸ் ரயில் நிலையங்கள் பாதையை ஒட்டியே இருக்கின்றன. துண்டு துண்டாக, வாரம் ஒரு பகுதியாக நடந்து முடிக்கலாம்.

ரிட்ஜ்வே பழைமையை விற்கிறது. ஐயாயிரம் ஆண்டுச் சாலை என்று சொல்லப்படுவதைத் தொல்லியலாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஓரத்தில் இருப்பவை பொய் சொல்லாது. தொடக்கத்தில் ஏவ்பரியின் கல்வட்டம், பிறகு மரங்கள் சூழ்ந்த வேலண்ட்ஸ் ஸ்மித்தி என்ற புதிய கற்கால ஈமமேடு, அதைத் தாண்டியதும் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. சரிவில் பள்ளம் பறித்து, நொறுக்கிய சுண்ணாம்பை அடைத்து ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த கோட்டோவியம். புல் மூடாமல் இருக்க இன்றும் ஆட்கள் மண்டியிட்டுப் புதுச் சுண்ணாம்பை இடித்துச் சேர்க்கிறார்கள். ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பாதையில் நின்றால் குதிரை தெரியாது. விலகிப் போனாலும் ஒரு காது, ஒரு கால் என்றுதான் தெரியும். முழு உருவம் கீழ்ச் சமவெளிக்கும் பறவைகளுக்கும்தான்.

கோரிங் அருகே தேம்ஸைக் கடந்ததும் இந்தப் பாதை வேறு ஆளாக மாறிவிடுகிறது. சில்டர்ன்ஸ் குன்றுகளின் பீச் மரக்காடு, தலைக்கு மேல் ரெட் கைட் என்ற செந்நிறப் பருந்துகள், பிரதமரின் ஓய்வில்லமான செக்கர்ஸின் நிலத்தின் குறுக்கே ஒரு நடை. அழகுதான், ஆனால் திறந்த முகட்டுக்காக வந்தவர் கோரிங்கிலேயே ரயில் ஏறினாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டார். மேற்குப் பகுதியின் சில நீளங்களில் கோடை மாதங்களில் மோட்டார் வண்டிகளுக்கும் அனுமதி உண்டு என்பது எனக்கு இன்னும் உறுத்தல்.

வோல்ட்ஸ் பாதையை இவற்றோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. அங்கே பாதை முகட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்குகிறது. பனியுகத்தில் நிலம் உறைந்து, நீரை உறிஞ்ச முடியாதபோது, உருகிய பனிநீர் அறுத்துச் சென்ற பள்ளத்தாக்குகள் அவை. பனி போனதும் பாறை மறுபடி நீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. ஆறு மறைந்து, அதன் வடிவம் மட்டும் தங்கிவிட்டது. அடியில் புல், இருபுறமும் ஆடுகள் மேயும் சரிவு, மேலே கோதுமை. திக்ஸன்டேல் என்ற சிற்றூரில் இப்படிப்பட்ட பள்ளங்கள் பல வந்து கூடுகின்றன. ஓவியர் டேவிட் ஹாக்னி இந்த மேடுகளுக்குத் திரும்பி வந்து ஆண்டுக்கணக்கில் வரைந்ததில் வியப்பில்லை.

பாதையை ஒட்டி வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட ஊர். இடைக்காலத்தில் குடியிருந்தவர்கள் போய், நிலம் ஆட்டுக்கு விடப்பட்டது. கூரையில்லாத தேவாலயமும், புல்லுக்கடியில் வீட்டு அடித்தளங்களின் மேடுகளும் மிச்சம். அங்கே மாலை வெயில் சாய்வாக விழும்போது, வீடு இருந்த இடமும் தெரு ஓடிய இடமும் தனித்தனியாகத் தெரியும்.

ஊர்கள் பாதையிலேயே வருவதால் இரவுக்காக மலையிறங்கும் தொல்லை குறைவு. ஆனால் ஊர் இருக்கும், கடை இருக்காது, பஸ் அபூர்வம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மூட்டையில் இருக்க வேண்டும், படுக்கை முன்பதிவாகியிருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: சுண்ணாம்பு மலை கடலைச் சந்தித்துப் பிரம்மாண்டமாக முடியும் இடம் தெற்கே உள்ள ஃபிளாம்பரோ. பாதை அங்கே போகாமல் ஃபைலிக்குப் போய்விடுகிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், செவன் சிஸ்டர்ஸ். மூன்று நாள் என்றால் ஏவ்பரியிலிருந்து கோரிங் வரை. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் முதுகைத் தள்ளிக் கொடுக்கும். ஒரு வாரம் விடுப்பும், பேச்சுத்துணை தேவைப்படாத மனமும் இருந்தால், மே மாதக் கடைசியில் ஹல் நகருக்குப் போகும் ரயிலில் ஏறி ஹெஸ்ஸிலில் இறங்குங்கள். ஃபைலியை அடைந்த பிறகும் கால் வலிக்கவில்லை என்றால், கிளீவ்லண்ட் வே என்ற அடுத்த பாதையின் முனை அங்கேயேதான் காத்திருக்கிறது. அது 175 கிலோமீட்டர்.